வாசலுக்கு வந்த அடுப்படி

வீட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவான அன்று லோகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தனியாக ஒரு ஆட்டம் ஆடினாள். வயது அறுபது. இரண்டு முட்டிக்கும் தினமும் தைலம் தேய்க்கிறவள். இருந்தும் ஆடினாள். மழை பெய்யும்போதெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடிய மனுஷிக்குத்தான் அந்த ஆட்டத்தின் அருமை தெரியும், நமக்கெல்லாம் தெரியாது.

கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், வரிசை வீடு. இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர், இரண்டும் அடுத்த வீட்டோடு பங்கு. கல்யாணமான புதிதில் வாங்கியது. கணவர் கன்னையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லோகேஸ்வரி ஷா ஆலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவள். இருவருக்கும் இப்போது ஓய்வு. மகன் கிஷன் பூச்சோங்கிலும் மகள் மலர்விழி ரவாங்கிலும் குடித்தனம். கூரைச் சட்டங்களைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது என்று தெரிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து, ஒட்டுப்போட்டது போதும், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பெரிய வேலையாகவே செய்துவிடலாம் என்றார்கள். தங்கமான பிள்ளைகள். செலவுப் பேச்சு இதோடு முடிந்தது, இந்தக் கதையில் இனி வராது.

திட்டம் போட்டது பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நால்வரும் கூடினார்கள். யார் கையிலும் காகிதம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட நம் ஆட்களுக்குக் காகிதம் எதற்கு? கிஷன் தன் இலையையே மனையாக்கினான். அப்பளம்தான் கார் நிற்கிற போர்ச். சோற்றுக்குவியல் ஹால். கோஸ் பொரியலும் பூசணிக்காயும் படுக்கையறைகள். கத்தரிக்காய்க் கூட்டை இலையின் கடைசி ஓரத்துக்கு ஒதுக்கி, இதுதான் அடுப்படி, இதை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுக்கலாம் என்றான். மலர்விழி கையை நீட்டி அண்ணன் இலையில் இருந்த பூசணிக்காயைப் பிரித்து இரண்டு அறையாக்கினாள். கன்னையா ஹாலை அகலமாக்கச் சொன்னார், சோறு பரவியது. ரசம் ஊற்ற வந்தவரை, வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கண்ணே என்று மூன்று பேரும் சேர்ந்து தடுத்தார்கள். அவர் இந்த ஊரில் எத்தனையோ வகையான ஆட்களைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த லோகேஸ்வரி, இரண்டு விரலால் அந்தக் கத்தரிக்காய்க் கூட்டை வழித்து எடுத்து, சோற்றைச் சுற்றிக்கொண்டு வந்து, அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடுப்படி இங்க வரட்டும்," என்றாள்.

கிஷன் சிரித்தான். அம்மா திசை தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நினைத்து, அது வீட்டின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்த பக்கம் என்று விளக்கினான். அதனால்தான் அங்கே வைத்தேன் என்றாள் அவள். மோர் குடித்துக்கொண்டிருந்த கன்னையாவுக்குப் புரையேறியது. மலர்விழி அப்பாவின் தலையில் தட்டினாள். அதற்குள் அப்பளத்தில் கூட்டின் ஈரம் ஏறி, கார் நிற்கிற இடம் நமுத்துப்போயிற்று.

சும்மா வந்த ஆசை இல்லை அது. அவளுடைய அடுப்படி வீட்டின் கடைசியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஒரு சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் பின்வரிசை வீட்டுச் சுவர், அந்தச் சுவரில் ஒரு ஏர்கான் பெட்டி, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர். பொழுது விடிந்தால் அதுதான் காட்சி, பொழுது சாய்ந்தாலும் அதுதான். வேலைக்குப் போன இடமாவது பரவாயில்லையா என்றால், அங்கே ஜன்னலே கிடையாது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு மூடி, கண் மட்டும்தான் வெளியே. ஆக, ஒரு ஆயுசுக்கு அவள் பார்த்தது சிப்பும் சுவரும்தான். தெருவில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், எந்த வீட்டுப் பெண் பள்ளிக்குப் போகிற வயசுக்கு வந்தாள், ஒன்றும் தெரியாது. விருந்தாளிகள் வந்தால் குரல் கேட்கும். குரலை வைத்து எத்தனை டீ என்று கணக்குப் பண்ணுவாள். அவ்வளவுதான். வீட்டையே இடிக்கப்போகிறார்கள், இப்போதும் பின்னாலேயே நிற்க வேண்டுமென்றால் எதற்கு இடிப்பது என்பது அவள் கட்சி.

கன்னையாவின் கட்சி வேறு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே வெங்காயத் தோலைப் பார்க்க வேண்டுமா என்றார். வீடா, சாப்பாட்டுக் கடையா என்று ஊர் கேட்கும் என்றார். தன் பேச்சு எடுபடவில்லை என்றதும் பந்திங்கில் இருக்கிற தன் அக்கா பவுனம்மாளைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். வாசலில் நெருப்பு எரிந்தால் மகாலட்சுமி எப்படி உள்ளே வருவாள் என்று அந்த அம்மாள் கேட்டார். சாம்பார் வாசனை வந்தால் மகாலட்சுமி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே போவாள், நீங்களும் வாங்க அண்ணி என்று லோகேஸ்வரி பதில் சொன்னாள். பவுனம்மாள் சிரித்துவிட்டார், சிரித்ததை மறைக்க இருமினார். கன்னையாவுக்கு அந்தக் கதவும் அடைபட்டது.

வீடு கட்டித்தரும் சீனக் காண்டிராக்டர் ஆ செங் வந்து அளந்து பார்த்தான். எல்லோரும் அவனை பாஸ் என்று கூப்பிடுவார்கள், அவனும் எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவான். சமையலறையை அவன் மலாயில் டாப்பூர் என்பான், மற்றதெல்லாம் பாதி மலாயும் பாதி தமிழுமாக வரும். டாப்பூரை முன்னால் வைத்து அவன் ஒரு வீடும் கட்டியதில்லையாம். முடியாது என்று இல்லை, குழாயைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வரைபடத்தை ஒருமுறை நகராண்மைக்கழகத்தில் கொடுத்துவிட்டால் பிறகு ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசக்கூடாது. அதனால் அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த சனிக்கிழமை வருவேன், வீடு அங்கிள் பெயரில் இருப்பதால் அங்கிள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆக, விஷயம் கன்னையாவின் ஒரு வார்த்தையில் வந்து தொங்கியது.

அன்று சாயங்காலம் கன்னையா, ரோட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நீங்க இத்தன வருஷம் மேல உக்காந்து கப்பலு, கடலுன்னு பாத்தாச்சு," என்றாள் லோகேஸ்வரி. "நான் கப்பல் கேக்கல. ரோடு போதும். அதுல என்னா இருக்குன்னு பாத்தாத்தானே தெரியும்?"

கன்னையா எழுந்து போய் டிவியைச் சத்தமாக வைத்தார்.

ஆனால் லோகேஸ்வரி தொழிற்சாலையில் சும்மா நின்றவள் இல்லை. அங்கே ஒரு இயந்திரத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்துவதென்றால் யாரும் வாதாட மாட்டார்கள். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, இதுதான் புது இடம் என்று குறித்து, சில நாள் அங்கேயே வேலை செய்து பார்ப்பார்கள். சரிப்பட்டால் நகர்த்துவார்கள், சரிப்படாவிட்டால் டேப்பைப் பிய்த்துப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டிரையல் ரன் என்று அதற்குப் பெயர். வீட்டுக்கும் ஒரு டிரையல் ரன், பாஸ் வருகிறவரைக்கும், அதற்கப்புறம் நீங்கள் சொல்வதே முடிவு என்றாள் கணவரிடம். வெயிலிலும் கொசுக்கடியிலும் இரண்டாம் நாளே பின்னால் ஓடிவிடுவாள் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு, தாராளமாகச் சரி என்றார். கட்டின மனைவியைப் பற்றிப் போட்ட கணக்கு எந்தப் புருஷனுக்குச் சரியாக வந்திருக்கிறது?

மறுநாள் காலையில் கார் ரோட்டுக்குப் போனது. போர்ச் தரையைக் கழுவித் துடைத்து, லோகேஸ்வரி மண்டியிட்டு மஞ்சள் டேப் ஒட்டினாள். இங்கே சுவர், இங்கே கழுவுகிற தொட்டி, இங்கே அடுப்பு. இரட்டைக் கோடு போட்ட இடம் ஜன்னல். கோடு விட்டிருக்கிற இடத்தில்தான் நுழைய வேண்டும், கோட்டைத் தாண்டி வருகிறவன் சுவரை இடித்துக்கொண்டு வருகிறவன் என்று சட்டம் போட்டாள். கிஷன் ஒருநாள் தெரியாமல் தாண்டிவிட்டு, அம்மா பார்த்த பார்வையில் நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பப் போய் வழியாக வந்தான். இன்னொரு சட்டமும் இருந்தது. கோட்டுக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர் கன்னையாதான். அவர் பேப்பர் படிக்கிற பிரம்பு நாற்காலி சரியாகக் கோட்டுக்குள் விழுந்தது. கோட்டை நகர்த்த அவள் மறுத்தாள். நாற்காலியை நகர்த்த அவர் மறுத்தார். முடிவில் பேப்பர் போய் மடியில் வெங்காயத் தட்டு வந்தது. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாமல் வீட்டை ஆண்ட மனிதர், சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, உரித்தார். ஒரு தட்டு உரிக்க ஒரு காலைப்பொழுது. லோகேஸ்வரி அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதே அவளுக்குப் புதுசு.

புதுசு என்றால் எல்லாமே புதுசு. கிழக்கு வாசல் என்பதால் காலையில் வெயில் நேராக அடுப்பில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முதல்முறையாகக் கடுகு வெடிப்பதைக் கண்ணால் பார்த்தாள். அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா கக் ரோஸ், இத்தனை வருஷம் உங்கள் வீட்டு மீன்கறியை மூக்கால்தான் தெரியும், தாளிப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று மலாயில் சொல்லி, வேலியோடு வேலியாக நின்று, மிளகாய்ச் சம்பல் எப்படிக் கிண்ட வேண்டும் என்று பாடம் எடுத்தாள். ரொட்டி விற்கிறவர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுத் தன் மகளின் கல்யாணக் கதையைச் சொன்னார். பள்ளி பஸ் ஓட்டுகிறவருக்கு ஜன்னல் வழியாக இரண்டு வடை போனது. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒருவன் வண்டியை விட்டு இறங்காமலேயே, ஆன்டி, நாசி லெமாக் இரண்டு பாக்கெட் என்று தேங்காய்ப்பால் சோறு கேட்டான். லோகேஸ்வரி இது கடை இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். எலுமிச்சைச் சாதத்தை வாழையிலையில் மடித்துக் கொடுத்து அனுப்பினாள். கன்னையா தலையில் அடித்துக்கொண்டார்.

கால் தரையில் பாவாத நாட்கள் அவை. அவள் தெருவில் போகிற எல்லாருக்கும் கரண்டியை ஆட்டி வணக்கம் சொன்னாள். பூனைக்குச் சொன்னாள். குப்பை லோரிக்குச் சொன்னாள். பழைய தொழிற்சாலை டி-சட்டையும் தொளதொள பேன்ட்டும் கண்ணாடியுமாக, ஓய்வு பெற்ற அன்றே கழுத்தளவு வெட்டிக்கொண்ட முடியோடு, ஏதோ பட்டாபிஷேகம் நடக்கிற மாதிரி நின்று தோசை சுட்டாள்.

வெயில் தாங்கவில்லை என்று கிஷன் வந்து போர்ச்சிலிருந்து கேட் வரைக்கும் நீலக் கூடாரத்துணி ஒன்றை இழுத்துக் கட்டினான். வருகிறவர்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல், கன்னையா தானாகவே கோயிலுக்குப் போய்ச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கி வந்து வரிசையாகப் போட்டார். அவர் அதைச் செய்தபோது லோகேஸ்வரிக்கு மனம் கொஞ்சம் துள்ளியது. சம்மதம்தானா என்று கேட்டாள். நாற்காலி வேறு, அடுப்படி வேறு என்று சொல்லிவிட்டார். அவர் மொட்டைத் தலையில் வெயில் பளபளத்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கொடுத்த முடி, இன்னும் வளரவில்லை.

நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கார் ரோட்டில். போர்ச் காலி. மேலே கூடாரத்துணி. கீழே கோயில் நாற்காலி. வாசலில் பெரிய அடுப்பு, பெரிய சட்டி. நடுவில் மொட்டையடித்த வீட்டுக்காரர் குனிந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நம் ஆட்கள் எந்தத் தாமானில் இதைப் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? கருமாதி என்றுதான் நினைப்பார்கள். காரை மெதுவாக்குவார்கள், ரேடியோவை அணைப்பார்கள். அப்படித்தான் சிலர் செய்தார்கள். ஒரு அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு போனார். நம் லோகேஸ்வரியோ, ஆஹா, அடுப்படியைப் பார்த்து அசந்துபோகிறார்கள் என்று நினைத்து, இன்னும் பலமாகக் கரண்டியை ஆட்டினாள்.

சனிக்கிழமை வந்தது. பாஸ் எந்த நேரமும் வரலாம். கன்னையா இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லோகேஸ்வரி காலையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த புளி தீர்ந்துபோனதால் அவள் உள்ளே போனாள். அப்போதுதான் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

ஹால் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். கன்னையா வயதில் ஒருவர், வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் சாமந்தி மாலை. யார் இந்த மனுஷன் என்று யோசித்தாள், பிடிபடவில்லை. அவர் நேராகக் கன்னையாவிடம் போய், கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லையே, ரோட்டில் போனவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்று தேம்பினார். இருமல் கலந்த அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும்தான் அவளுக்குத் தெரிந்தது. அடடே, டீக்கு மூன்று கரண்டி சீனி. துறைமுகத்தில் கன்னையாவோடு வேலை செய்த பக்கிரிசாமி. அந்த நாளில் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார், இப்போது காப்பாரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

கன்னையா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீடு கட்டுகிற விஷயம் திடீரென்று முடிவாகிவிட்டது, யாருக்கும் சொல்ல நேரமில்லை என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். பக்கிரிசாமி அதைக் காதில் வாங்கவே இல்லை.

"தங்கச்சி ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாடா?" என்றார்.

கன்னையாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. உள்ளே லோகேஸ்வரிக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. தங்கச்சி என்பது அவள்தான். அவள் செத்துப்போயிருக்கிறாள். கருமாதிக்கு ஆள் வந்திருக்கிறது. புடவைத்தலைப்பு இல்லாததால் சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு கால் வைத்தாள். பிறகு, செத்தவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லட்டுமே, கேட்டுவிட்டுப் போவோம், இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று அந்தக் காலை எடுத்துக்கொண்டாள்.

பக்கிரிசாமியும் குறை வைக்கவில்லை. அவள் டீயைப் புகழ்ந்தார். ஷிப்ட் முடிந்து பசியோடு வந்தால் கேட்காமலேயே வரும் இடியப்பத்தைப் புகழ்ந்தார். மீன் பொரியலைச் சொல்லும்போது குரல் உடைந்தது. லோகேஸ்வரிக்கு உள்ளே பெருமை தாங்கவில்லை. ஐயோ, அந்த மீனா, அது வெறும் மலிவு விலைக் கெம்போங் மீனாச்சே, அதற்கே இந்தப் புகழா என்று தன்னையே கிள்ளிக்கொண்டாள். பாவம் கன்னையா, நடுவில் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து பார்த்தார். அழுகிற மனுஷன் அவரைப் பேசவிட்டால்தானே.

கடைசியில் பக்கிரிசாமி பையிலிருந்து மாலையை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"போட்டோ எங்கடா வச்சிருக்க? மால போடணும்," என்றார். "வர்ற வழியெல்லாம் நெனச்சுப் பாக்குறேன் கன்னையா, மொகம் வரமாட்டேங்குது. டீ ஞாபகம் இருக்கு. திரைக்குப் பின்னாலேர்ந்து தட்டு நீட்டுன கை ஞாபகம் இருக்கு. மொகம் வரல. இத்தன வருஷம் அந்தக் கையால சாப்புட்டிருக்கேன், மொகம் தெரியலயேடா எனக்கு."

லோகேஸ்வரியின் வாயில் இருந்த துணி தானாகக் கீழே விழுந்தது. நெஞ்சில் சுருக்கென்றது. வலித்தது, பொய் சொல்வானேன். அந்த ஆளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவளுக்கு மட்டும் என்ன, கேட்டில் நின்றவரை அவர் குரல் வராதவரைக்கும் யாரென்று தெரிந்ததா? ஒரே கூரைக்குக் கீழே அத்தனை நாள் பழகி, அவருக்கு அவள் ஒரு கை, அவளுக்கு அவர் மூன்று கரண்டி சீனி. அவ்வளவுதானா ஒரு மனுஷிக்கு இன்னொரு மனுஷன்? அவளுக்கு அழுகை வந்தது. அதே நேரம், தன் கருமாதிக்கு வந்தவரைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, புளிச்சட்டியோடு வெளியே வந்தாள்.

பக்கிரிசாமி மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டி-சட்டையையும் வெட்டின முடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைக் கேட்டார்.

"நீங்க தங்கச்சி கூடப் பொறந்தவங்களாம்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். கன்னையாவின் முகம் அவள் இதுவரை பார்க்காத முகமாக இருந்தது. அவர் எழுந்தார். மடியில் இருந்த வெங்காயமெல்லாம் தரையில் உருண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனது. அதை அவரும் பொருட்படுத்தவில்லை, அவளும் பொருட்படுத்தவில்லை. அவர் கிட்டே வந்து, எத்தனையோ கல்யாண வீடுகளில், கோயிலில், எங்கேயும் செய்யாத ஒன்றைச் செய்தார். அவள் தோளில் கையை வைத்து, நண்பருக்கு நேராக அவளைத் திருப்பி நிறுத்தினார்.

"பக்கிரி," என்றார். கண்ணைத் துடைத்தார், இந்தத் தடவை அதற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்ல முடியாது. "இது லோகேஸ்வரி. என் சம்சாரம்."

பக்கிரிசாமி வாயைப் பிளந்தார். பிறகு, பிட் அடித்து மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளை மாதிரி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்து லோகேஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்ததும் கன்னையாவும் சிரித்தார், பக்கிரிசாமி அழுதுகொண்டே சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கக் ரோஸ் என்னவென்று கேட்டாள். சொன்னதும் அவளும் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா என்று பக்கிரிசாமி கேட்க, செத்துத்தான் போயிருந்தேன் அண்ணே, இப்பப் பரவால்ல என்று அவள் சொல்ல, மறுபடி முதலிலிருந்து சிரித்தார்கள்.

இந்த நேரத்தில்தானா பாஸ் வந்து சேர வேண்டும்? கூடாரத்தைப் பார்த்தான், நாற்காலிகளைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற மூன்று கிழடுகளையும் ஒரு மாலையையும் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சியாப்பா மாத்தி என்று மெதுவாகக் கேட்டான். யார் செத்தது என்று கேட்கிறான். யாரும் சாகவில்லை என்று கன்னையா அவனை உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டவர் டேப் விட்டிருக்கிற வழியைக் காட்டி, சுவரில் மோதாமல் வரச் சொன்னார்.

லோகேஸ்வரியின் சிரிப்பு நின்றது. இப்போது சொல்லப்போகிறார். அவள் புளிச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கன்னையா அடுப்புக்கு முன்னால் போய், அவள் இத்தனை நாள் நின்ற இடத்திலேயே நின்றார். ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து இரட்டைக் கோட்டைத் தொட்டுக் காட்டி, டாப்பூர் இங்கேதான், எழுதிக்கொள் என்றார். ஜன்னல் எவ்வளவு பெரியது என்று பாஸ் கேட்டான். கன்னையா இரண்டு கையையும் விரித்தார். போதவில்லை என்று இன்னும் விரித்தார்.

"பெருசா வை, பாஸ்," என்றார். "உள்ள நிக்கிறவ மொகம் ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியணும்."

லோகேஸ்வரிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பழக்கதோஷம், சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைத்தவள், இனி எதற்கு என்று நினைத்து, திரும்பி நின்று, எல்லாரும் பார்க்க நன்றாக அழுதாள்.